மூன்று டாலர் வெடி, முந்நூறு டாலர் வேலை



மின்காந்தத் தூண்டல் பாடத்தை நடத்தி முடிக்கும்போது, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியைப் பற்றியும், அது கண்ணிவெடி தேடப் பயன்படுவது பற்றியும் சில வார்த்தைகள் சொல்வது என் வழக்கம். ஒருமுறை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், சந்திரனில் தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டோம். காலுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கிற வெடியைக் கண்டுபிடிக்க முடியாதா? அதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் குலுக்க வேண்டுமா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

உண்டியல் என்று அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மார்ஷல் லெகசி இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு திட்டம் நடத்தியது. மாணவர்கள் சில்லறை சேர்த்து, வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாய்க்கும் அதன் பயிற்சிக்கும் பணம் கொடுப்பார்கள். நாய் கண்ணிவெடி உள்ள ஒரு நாட்டுக்குப் போகும். ஒரு நாய்க்கு ஏறக்குறைய 20,000 டாலர் ஆகும் என்று கணக்கு. 1999-இல் தொடங்கப்பட்ட இன்னொரு திட்டத்தில், கண்ணிவெடி புதைந்த ஒரு நிலத்தையே 'தத்து' எடுத்துக்கொண்டு அதைத் துப்புரவாக்கும் செலவைப் பள்ளிகளும் சங்கங்களும் திரட்டின. அப்படித் தத்தெடுக்கப்பட்ட நிலங்கள் உள்ள நாடுகளில் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கும் ஒன்று.

இனி நம் கணக்குக்கு வருவோம். மனிதரைக் குறிவைக்கும் ஒரு கண்ணிவெடியைச் செய்ய 3 டாலர் முதல் 30 டாலர் வரை ஆகிறது. அதை மண்ணிலிருந்து அகற்ற 300 முதல் 1,000 டாலர் வரை ஆகிறது. இது 1990-களில் ஐக்கிய நாடுகள் சபை எடுத்துச் சொன்ன கணக்கு. புதைப்பதற்கு ஒரு பங்கு, எடுப்பதற்கு நூறு பங்கு! இந்த நூறு மடங்கு எங்கிருந்து வருகிறது? அதுதான் இன்றைய பாடம்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஏன்?

மொசாம்பிக்கும் அங்கோலாவும் 1975-இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றன. இரண்டிலும் விடுதலையோடு அமைதி வரவில்லை. மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1977 முதல் 1992 வரை நடந்தது. அங்கோலாவில் 1975-இல் தொடங்கிய போர் 2002-இல்தான் முடிந்தது. இந்த ஆண்டுகளில் எல்லாத் தரப்பும் கண்ணிவெடி புதைத்தன. புதைத்த இடத்துக்கு வரைபடம் வைத்திருந்தவர்கள் சிலர். பலர் வைத்திருக்கவில்லை. வைத்திருந்த சிலரும் இறந்துபோனார்கள்.

கண்ணிவெடியை யாரும் வெறும் காட்டில் வீணாகப் புதைப்பதில்லை. பகைவன் வரக்கூடிய இடத்திலும், தான் காக்க வேண்டிய இடத்திலும்தான் புதைக்கிறார்கள். பாலம், அணை, மின்கம்பக் கோபுரம், கிணறு, சாலை. இவற்றோடு பள்ளிக்கூடமும் சேர்ந்துகொண்டது. சிற்றூரில் சுவரும் கூரையும் உறுதியாக உள்ள கட்டடம் பெரும்பாலும் அதுதான். படை வந்தால் அங்கே தங்கும். தங்கினால் சுற்றிலும் வேலி போடும். வேலிக்கு வெளியே கண்ணிவெடி வைக்கும். படை போய்விடும். வெடி போகாது.

ஜிம்பாப்வேயின் கதை சற்று வேறு. அந்த நாடு ரொடீசியா என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1970-களில், மொசாம்பிக் எல்லை நெடுகிலும் அரசுப் படை கண்ணிவெடிகளை வரிசை வரிசையாகப் புதைத்தது. எல்லையோரச் சிற்றூர்களில் அந்த வரிசைகளுக்கு ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் பள்ளியும் அமைந்துவிட்டன. பிள்ளைகள் மிதித்து மிதித்துத் தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் வழி. மழையில் மண் கரைந்து பாதை மாறினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எடை பார்க்கும், வயது பார்க்காது

கண்ணிவெடியின் அமைப்பு எளியது. ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் மூடி, அதன் கீழ் ஒரு வில், ஒரு ஊசி, ஒரு சிறு வெடிப்பான், அதைச் சுற்றி வெடிமருந்து. மூடியின் மேல் போதிய விசை விழுந்தால் ஊசி வெடிப்பானைக் குத்தும். போதிய விசை என்பது எவ்வளவு? பலவகைக் கண்ணிவெடிகளுக்கு 5 முதல் 15 கிலோகிராம் எடை போதும். நான்காம் வகுப்புப் பிள்ளையின் எடை 25 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். அதுவும் நடக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு காலில்தானே நிற்கிறோம்? ஓடும்போது பாதம் தரையில் விழும் விசை உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. படைவீரனுக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு காணும் உறுப்பு அந்தக் கருவியில் இல்லை.

ஒரு வேறுபாடு உண்டு, ஆனால் அது வெடித்த பிறகு. பிள்ளை குட்டை. காலுக்கும் நெஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. பெரியவர் கால் இழந்து பிழைக்கும் வெடியில் பிள்ளை பிழைப்பது அரிது. பிழைத்தாலும், வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் காலை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

உலோகம் எப்படிப் பேசுகிறது?

கம்பிச்சுருள் ஒன்றில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலத்தில் ஓர் உலோகத் துண்டு இருந்தால், 1831-இல் ஃபாரடே கண்ட விதிப்படி, அதற்குள் மின்னோட்டம் தூண்டப்படும். நீரில் சுழி போல உலோகத்துக்குள் சுழல்வதால் இதைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். இந்தச் சுழல் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதை இன்னொரு சுருள் உணர்ந்துகொள்ளும்; காதில் மாட்டிய கருவியில் 'ஙொய்' என்று ஓசை கேட்கும். உலோகம் காணும் கருவியின் தத்துவம் இவ்வளவுதான்.

சுழல் மின்னோட்டத்தை உங்கள் கண்ணால் காண விரும்பினால், ஒரு மீட்டர் நீள அலுமினியக் குழாயை நிமிர்த்திப் பிடித்து, அதற்குள் வலுவான சிறு காந்தம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அலுமினியத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆயினும் காந்தம் எண்ணெய்க்குள் இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கும். குழாயில் தூண்டப்பட்ட மின்னோட்டம், லென்ஸ் விதி சொல்வதுபோல், தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கிறது.

இந்தத் தத்துவத்தை ஆளைக் காக்க முதலில் பயன்படுத்த முயன்றவர்களில் ஒருவர் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1881 ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. பெல் தம் கம்பிச்சுருள் கருவியை எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். கருவி குண்டின் இருப்பிடத்தைத் தெளிவாகக் காட்டவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகு வில்கள் இருந்தன என்பது பிறகு தெரிந்தது! செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். இந்த மெத்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றும் கண்ணிவெடி தேடுவோரின் தலைவலி அதுதான்.

கையில் பிடித்து நடந்துகொண்டே தேடக்கூடிய கண்ணிவெடிக் கருவியை இரண்டாம் உலகப் போரில் யோசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்துப் படை அதிகாரி வடிவமைத்தார். அதன் எடை 14 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. முதல் பெரும் சோதனை ஆப்பிரிக்க மண்ணில்தான் நடந்தது. 1942-இல் எகிப்தின் எல் அலமெயினில் 500 கருவிகள் பயன்பட்டன. அதுவரை மணிக்கு 100 மீட்டர் என்று நகர்ந்த வேலை 200 மீட்டர் என்று ஆனது.

விஞ்ஞானத்துக்கு வெற்றி என்று நாம் மகிழலாம். ஆனால் எதிர்த்தரப்பிலும் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். உலோகத்தைத்தானே தேடுகிறாய், இதோ மரப்பெட்டி என்று ஜெர்மானியர்கள் மரத்தால் கண்ணிவெடி செய்தார்கள். பிறகு கண்ணாடியிலும் செய்தார்கள். போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது. ஜிம்பாப்வேயின் எல்லையில் கிடக்கும் 'ஆர்2எம்2' என்ற தென்னாப்பிரிக்கக் கண்ணிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் வெடிமருந்து 58 கிராம். உலோகம் என்று சொல்ல, ஊசியும் வேறு சில சின்னஞ்சிறு துண்டுகளும்தான். கருவியை ஏமாற்றுவதற்கென்றே இப்படிச் செய்தார்கள். புதைத்தவர்களின் போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்பும் அந்த ஏமாற்று வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஆறாம் அடுக்கு செய்யும் கொடுமை

சிறிய உலோகம் என்றால் கருவியின் உணர்திறனைக் கூட்டினால் ஆயிற்று என்று நீங்கள் சொல்வீர்கள். எவ்வளவு கூட்ட வேண்டும்?

சுருளிலிருந்து விலகிப்போகப் போக அதன் காந்தப்புலம், சுருளின் அளவைவிடத் தொலைவு மிகும்போது, தொலைவின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. புலம் உலோகத்தை அடையும்போது ஒருமுறை இப்படிக் குறையும். உலோகத்திலிருந்து திரும்பிவரும் புலமும் அதேபோல் இன்னொருமுறை குறையும். மூன்றும் மூன்றும் ஆறு. ஆகவே திரும்பிவரும் சைகை தொலைவின் ஆறாம் அடுக்கில் குறைகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் சைகை 64-இல் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் 729-இல் ஒரு பங்கு! கருவியின் சுருள் ஒரு தட்டு அகலம் இருப்பதால், மேல்மண்ணில் கணக்கு இவ்வளவு கடுமையாக இராது. ஆனால் ஆழம் கூடக்கூட அது இந்த ஆறாம் அடுக்கை நோக்கியே போகும்.

எனவே ஓர் ஊசியளவு உலோகத்தை 13 சென்டிமீட்டர், சில இடங்களில் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை கேட்க வேண்டும் என்றால் கருவியின் காது மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். அப்படிக் கூர்மையான காதுக்கு மேல்மண்ணில் கிடக்கும் ஆணி, சோடா மூடி, கம்பித் துண்டு, பேனா முள், தகர டப்பாவின் விளிம்பு எல்லாம் கூச்சல் போடும். போர் நடந்த இடத்தில் துப்பாக்கித் தோட்டா உறைகளும் குண்டுச் சிதறல்களும் சேர்ந்துகொள்ளும். பெல்லின் மெத்தை வில்கள் வயல் முழுவதும் இறைந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போதாததற்கு மண்ணே பேசும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில், நம் ஊர்ச் செம்மண் போல, இரும்பு ஆக்சைடு நிறைந்த சிவந்த மண் உண்டு. அதில் உள்ள சில இரும்புத் தாதுக்கள் காந்தத் தன்மை உடையவை. கருவியின் புலம் மாறும்போது அவை சற்றுத் தாமதமாக மாறி, உலோகம் இருப்பதுபோலவே ஏமாற்றும். மண்ணின் சைகையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்கும் கருவிகள் இப்போது உண்டு. ஆனாலும் முழுமையாகக் கழிவதில்லை.

கருவிக்கு வெடிமருந்து என்றால் என்னவென்றே தெரியாது என்பதை மறந்துவிடக் கூடாது. உலோகம் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். ஆணியா வெடியா என்று பார்க்க மனிதன்தான் தோண்ட வேண்டும். ஆசியாவில் கம்போடியா நாட்டில் 1992 முதல் 1998 வரை தோண்டி எடுத்த பொருள்கள் ஏறக்குறைய 20 கோடி. அவற்றில் வெடிகள் ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவுதான். மீதி 997-உம் குப்பை.

மண்டியிட்டுச் செய்யும் வேலை

நிலத்தை ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாகப் பிரிப்பார்கள். ஒரு பட்டைக்கு ஓர் ஆள். ஒருவருக்கு விபத்து நேர்ந்தால் அடுத்தவருக்கு அடிபடாதபடி இடையே 25 மீட்டர் போல இடைவெளி விடுவார்கள். முகத்தில் தடித்த பாலிகார்பனேட் திரை, மார்பில் காப்புடை. முதலில் புல்லை வெட்ட வேண்டும். அதையும் இழுத்து வெட்டக் கூடாது, இழுவைக் கம்பி கட்டிய வெடியும் இருக்கலாம். பிறகு கருவியை மெல்ல வீச வேண்டும். ஓசை கேட்டால் அங்கே குறி வைத்து, சற்று முன்னாலிருந்து மண்டியிட்டு, சிறு கரண்டியால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து குத்தினால் மூடி அழுந்திவிடும் அல்லவா? தோட்டா உறை வெளியே வரும். அதைப் பக்கெட்டில் போட்டுவிட்டு மறுபடி கருவியை எடுக்க வேண்டும். ஆயிரமாவது முறையும் முதல் முறைபோலவே பதறாமல் சுரண்ட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த வேலையில் கடினமானது இந்த ஆயிரமாவது முறைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். பள்ளி மைதானம் 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம்; பரப்பு 2,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 5 உலோகத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 ஓசைகள். ஓர் ஓசைக்குப் பத்து நிமிடம் என்றால் 1,00,000 நிமிடம். அதாவது ஏறக்குறைய 1,667 மணி. வெயிலில் காப்புடையோடு ஒருவர் ஒரு நாளில் ஐந்து மணி நேரம் கவனமாக வேலை செய்தால் 333 ஆள்-நாள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மாதத்துக்கு மேல். புல் வெட்டும் நேரத்தையும், அருகில் காத்திருக்கும் மருத்துவ உதவியாளர், வண்டி ஓட்டுநர், வேலையைச் சரிபார்ப்பவர் ஆகியோரின் ஊதியத்தையும் நான் சேர்க்கவே இல்லை.

அந்த மைதானத்தில் இருந்தவை பத்துக் கண்ணிவெடிகள் என்றால், ஒரு வெடிக்கு 33 ஆள்-நாள். மூன்று டாலர் பண்டத்துக்கு இவ்வளவு உழைப்பு! இப்போது ஒரு கேள்வி. அங்கே ஒரே ஒரு வெடிதான் இருந்தது என்றால்? அப்போதும் அதே 333 ஆள்-நாள்தான். ஒன்றுமே இல்லை என்றால்? அப்போதும் அதேதான். வெடியின் எண்ணிக்கை குறைந்தாலும் செலவு குறைவதில்லை. பணம் போவது வெடியை எடுப்பதற்கு அல்ல, மீதி நிலத்தில் வெடி இல்லை என்று உறுதிப்படுத்துவதற்கு. என் மாணவனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சந்திரனில் தண்ணீர் தேடியவர்கள் 'இருக்கிறது' என்று ஓரிடத்தில் காட்டினால் போதும். பள்ளி மைதானத்தில் 'இல்லை' என்று ஒவ்வொரு சாண் இடத்திலும் காட்ட வேண்டும்.

சங்கிலியைச் சுழற்றித் தரையை அடிக்கும் பெரிய இயந்திரங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். உண்டு; புதரை அழிக்கவும் நிலத்தைத் தயார் செய்யவும் அவை நல்ல உதவி. போர்க்களத்தில் படை விரைந்து கடக்க ஒரு பாதை வேண்டும் என்றால் அதுவே போதும். அங்கே சில வெடிகள் தப்பினாலும் தளபதி ஏற்றுக்கொள்வான். பிள்ளைகள் கபடி ஆடும் இடத்துக்கு அது போதாது. ஐக்கிய நாடுகள் சபை ஒரு காலத்தில் வைத்த இலக்கு 99.6 சதவீதம். மீதி 0.4 சதவீதத்தையும் நினைத்துத்தான் வேலை முடிந்தபின் மறுபடி சரிபார்க்கிறார்கள்.

தரையை ஊடுருவும் ரேடார் இன்னொரு வழி. மண்ணுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மின்காப்பு மாறிலி வேறு. எனவே ரேடியோ அலை எல்லையில் எதிரொலிக்கும். உலோகம் காணும் சுருளையும் ரேடாரையும் ஒரே கைப்பிடியில் சேர்த்த கருவிகள் உள்ளன. 'உலோகமும் உண்டு, வெடி அளவுக்கு ஒரு பொருளும் உண்டு' என்றால் மட்டும் தோண்டலாம். ஆணிகள் பல தள்ளுபடி ஆகிவிடும். ஆனால் ஈர மண் அலையை விழுங்கிவிடுகிறது, வேரும் கல்லும் குழப்புகின்றன, விலையும் மிகுதி.

மூக்கின் பக்கம் போவோம்

உலோகத்தை விட்டுவிட்டு வெடிமருந்தையே தேடினால் என்ன? டி.என்.டி. போன்ற வெடிமருந்து அறை வெப்பத்திலும் மிகச் சிறிதளவு ஆவியாகிறது. காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சில பங்கு என்ற அளவு. மண்ணைக் கடந்து மேலே வருவது அதைவிடக் குறைவு. நம் ஆய்வுக்கூடத் தராசுகளுக்கு இது எட்டாது. நாயின் மூக்குக்கு எட்டும். அமெரிக்க மாணவர்களின் சில்லறை நாய்க்குப் போனது இதனால்தான்.

நாயைவிடச் சிறிய ஒரு பிராணியும் இந்த வேலைக்கு வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பார்ட் வீட்ஜென்ஸ் சிறுவயதில் எலி வளர்த்தவர். எலியை வைத்து வெடி தேடலாம் என்று அவர் சொன்னபோது கேட்டவர்கள் நம்பவில்லையாம். 1997-இல் 'அபோபோ' என்ற அமைப்பு பிறந்தது. தான்சானியாவில் மொரோகோரோ நகரில் உள்ள சொக்கோய்ன் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிற்சி நடக்கிறது. ஆப்பிரிக்காவின் பெரும் பை எலி ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல் எடை உள்ளது. கன்னத்தில் உணவைப் பைபோல் சேர்த்து வைக்கும். முன்னே சொன்ன 5 கிலோகிராம் கணக்கை நினைத்துப் பாருங்கள். கண்ணிவெடியின் மேலேயே அது ஏறி நடக்கலாம், ஊசி அசையாது!

வெடிமருந்தின் வாடையைக் கண்டுபிடித்தால் ஒரு 'கிளிக்' ஓசையும் வாழைப்பழமும் கிடைக்கும் என்று எலிக்குப் பழக்குகிறார்கள். ஒன்பது மாதம் போலப் பயிற்சி. பிறகு, துப்புரவான இரு ஓரங்களில் இருவர் நின்று கயிறு பிடிக்க, எலி இங்குமங்கும் நடக்கும். வாடை வந்தால் தரையைப் பிராண்டும். ஆணியைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவை அரை மணியில் பார்த்துவிடும். உலோகக் கருவியோடு ஓர் ஆள் பார்த்தால் நான்கு நாள் வரை ஆகலாம். வெயில் தாங்காததால் விடியற்காலையில்தான் வேலை. காதில் வெயில் காப்புக் களிம்பு தடவி விடுகிறார்கள்! மொசாம்பிக்கில் காசா மாகாணத்தில் இந்த எலிகள் வேலை செய்தன. தான்சானியாவில் பிறந்து கம்போடியாவில் பணியாற்றிய மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனில் பிராணிகளின் வீரத்துக்கான தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

எலி வந்துவிட்டதால் கருவி வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். எலி காட்டிய இடத்தை மனிதன்தான் கருவியோடு போய்த் தோண்டுகிறான். அடர்ந்த புதரில் எலி நடக்காது. எது எந்த நிலத்துக்கு ஏற்றது என்று பார்த்துச் சேர்த்துப் பயன்படுத்துவதே முறை.

இவை எல்லாவற்றையும்விட மலிவான கருவி ஒன்று உண்டு, அது கேள்வி. ஆடு மேய்ப்பவரிடம், விறகு பொறுக்கும் பாட்டியிடம், அந்தக் காலத்தில் படையில் இருந்தவரிடம் போய்க் கேட்பது. எங்கே மாடு செத்தது, எந்தப் பக்கம் யாரும் போவதில்லை, எந்த வயலில் பத்து ஆண்டாக உழவு நடக்கிறது? இப்படி விசாரித்தே சந்தேகப் பட்டியலிலிருந்து மிகப் பெரிய பரப்புகளை நீக்கியிருக்கிறார்கள். வெடி இல்லாத நிலத்தில் 333 ஆள்-நாள் செலவழியாமல் தடுப்பது இந்த விசாரணைதான். நன்கொடை கொடுப்பவர்களுக்கு நாயும் எலியும் பிடிக்கும். நோட்டுப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போகும் ஆளைப் புகைப்படம் எடுத்து உண்டியலில் ஒட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

முடிக்கக்கூடிய வேலையா?

மொசாம்பிக் முடித்துக் காட்டியது. 1993-இல் தொடங்கிய வேலை. ஹாலோ டிரஸ்ட் என்ற ஒரு நிறுவனம் மட்டுமே அங்கே 1,71,000-க்கு மேற்பட்ட கண்ணிவெடிகளை அகற்றியது. அறியப்பட்ட கடைசிக் கண்ணிவெடி நிலம் ஒரு ரயில் பாலத்தை ஒட்டி இருந்தது. 2015 செப்டம்பர் 17-ஆம் நாள், அறியப்பட்ட கண்ணிவெடி நிலம் எதுவும் இனி இல்லை என்று அந்நாடு அறிவித்தது. மொத்தம் 22 ஆண்டுகள்.

அங்கோலாவில் வேலை முடியவில்லை. அங்கே 2017 முதல் பெண்களுக்கென்றே பயிற்சி கொடுத்து வேலைக்குச் சேர்க்கும் திட்டமும் நடந்து வருகிறது. மிதிவெடி என்று தமிழர்கள் சொல்லும் இதே வெடியை இலங்கையின் வடக்கிலும் பல பெண்கள் இதேபோல் மண்டியிட்டு அகற்றி வந்திருக்கிறார்கள். உண்டியலில் விழும் பணத்தில் பெரும்பகுதி இவர்களைப் போன்றவர்களின் ஊதியம்.

1997 ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவின் ஹுவாம்போ நகருக்கு வந்து, காப்புடை அணிந்து ஒரு கண்ணிவெடி நிலத்தின் நடுவே நடந்தார். அந்தப் படம் உலகமெங்கும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் 122 நாடுகள் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-இல் டயானாவின் மகன் ஹாரி அதே இடத்துக்குப் போனபோது அங்கே கண்ணிவெடி நிலம் இல்லை. வீடுகளும் கடைகளும் பள்ளியும் உள்ள தெரு இருந்தது.

செய்து பாருங்கள்

பழுதான ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளி மைதானத்தில் நான்கு குச்சி நட்டு ஒரு சதுர மீட்டர் அளந்துகொள்ளுங்கள். மேல்மண்ணை விரல் ஆழத்துக்குக் கிளறி, அதன் மேல் காந்தத்தைத் தடவுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் ஆணி, ஊசி, மூடி, கம்பித் துண்டு எத்தனை என்று எண்ணுங்கள். (மெல்லிய கறுப்பு மணலும் ஒட்டும், அது நான் சொன்ன காந்த இரும்புத் தாது. அதை எண்ண வேண்டாம்.) அலுமினியமும் பித்தளையும் காந்தத்துக்கு அகப்படா, ஆகவே உண்மையான எண்ணிக்கை உங்கள் விடையைவிடக் கூடுதல். வகுப்பில் பத்துக் குழு இருந்தால் மைதானத்தின் பத்து மூலைகளில் எண்ணிச் சராசரி எடுங்கள். அதை மைதானத்தின் பரப்பால் பெருக்குங்கள். வரும் எண்ணை மீண்டும் பத்து நிமிடத்தால் பெருக்குங்கள். உங்கள் மைதானத்துக்கு எத்தனை ஆள்-நாள் வருகிறது?